நலமறியப் பயம்

மார்ச் 30

ஊசிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். 'நலமறிய ஆவல்' என்று எழுதுவதுதான் முறை. எனக்கோ இப்போது நலமறியப் பயமாக இருக்கிறது. அதனால் நீ பதில் போடும்போது முதல் வரியிலேயே 'நன்றாக இருக்கிறோம்' என்று எழுதிவிடு. மற்றதெல்லாம் அப்புறம்.

நானும் நீயும் பேசி ஐந்து வருடம் ஆகிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, "சுண்டெலி, உங்கம்மாகிட்ட உப்பு தீந்துபோச்சுன்னு சொல்லு", "சுண்டெலி, உங்கத்தைகிட்ட சாவி எங்கேன்னு கேளு" என்று என் மகளைத் தந்திக் கம்பியாக வைத்தே ஓட்டிவிட்டோம். அவள் சீக்கிரம் பேச ஆரம்பித்ததற்குக் காரணமே நாம்தான். ஆனால் இந்த விஷயத்தை அவள் வழியாகச் சொல்ல முடியாது. சாயங்காலம் அவள் போனில் பேசும்போதும் சொல்ல முடியாது, பயந்துவிடுவாள். அதனால்தான் கடிதம்.

அவளுடைய இன்ஹேலர் பீரோ மேல்தட்டில் நீலப் பெட்டியில் இருக்கிறது. இரைப்பு வந்தால் நிமிர்ந்து உட்காரவைத்து, ஒருமுறை அழுத்தி, பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடிக்கச் சொல். ஏழிலேயே விட்டுவிடுவாள், ஏமாற்றுக்காரி. நீ விடாதே.

சலவைப் பிரிவில் எட்டுப் பேரும் ஆஸ்பத்திரி விடுதியில் தங்கிவிட்டோம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இந்த நோய் நெஞ்சைத்தான் பிடிக்கிறது என்கிறார்கள். இரைப்பு இருக்கிற பிள்ளை வீட்டில் இருக்கும்போது நான் எப்படி அங்கே வந்து போவது? உன் அண்ணன் கப்பலை எந்தத் துறைமுகத்திலும் சேர்த்துக்கொள்ளவில்லையாம். அவர் கடலில், நான் இங்கே. அவளுக்கு நீதான்.

கீழ்வீட்டு ஆம்புலன்ஸ் டிரைவர் கடிதத்தைக் கேட்டில் தொங்கும் தகர டப்பாவில் போடுவார். அவரும் வீட்டுக்குள் போவதில்லை, வண்டி ஷெட்டிலேயே படுத்துக்கொள்கிறார். பதிலையும் அதிலேயே போடு.

அண்ணி


ஏப்ரல் 4

அண்ணிக்கு,

நன்றாக இருக்கிறோம். முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், போதுமா?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் உங்களோடு பேசவில்லை. எழுதுகிறேன். அது வேறு, இது வேறு.

உங்கள் கடிதத்தை இடுக்கியால் எடுத்து, மேசையில் விரித்து, இரண்டு பக்கமும் இஸ்திரி போட்ட பிறகுதான் படித்தேன். ஆஸ்பத்திரித் துணியை எழுபது டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரில் துவைத்தால்தான் கிருமி சாகும் என்று ஒருநாள் அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். பேசவில்லையே தவிர, நான் காதை மூடிக்கொள்ளவில்லை. தையல்காரி வீட்டில் இஸ்திரிப் பெட்டிக்கா பஞ்சம்? கடிதம் மொடமொடவென்று இருக்கிறது. காலர் வைத்தால் பள்ளிக்கூடத்துக்கே போட்டு அனுப்பலாம்.

பள்ளிக்கூடம் என்றதும் ஞாபகம் வருகிறது. சீருடைக்கு வாங்கிவைத்த கட்டம்போட்ட துணியை எல்லாம் முகக்கவசமாகத் தைத்துக் கொடுக்கிறேன். தெருவே இரண்டாம் வகுப்பு மாதிரி நடமாடுகிறது. முடிவெட்டும் கடைக்காரர் ஷட்டரைப் பாதி திறந்து, உள்ளே தனியாக உட்கார்ந்து, கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் எல்லா வீட்டு ஜன்னலும் மூடுகிறது. சுண்டெலி மட்டும் "அம்மா வண்டி" என்று ஓடுகிறாள். நான் பின்னாலேயே ஓடுகிறேன்.

இன்ஹேலரை ஒருமுறை ஒத்திகை பார்த்தோம், மருந்து இல்லாமல். பத்து வரை பிடிக்கவைத்தேன். நானும் கூடவே பிடித்தேன். எட்டில் எனக்குத் தலை சுற்றிவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதை மரியாதைக்காக எழுதவில்லை.

உங்கள் நாத்தனார்
(ஊசி என்ற பெயரை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை)


ஏப்ரல் 12

ஊசிக்கு,

இஸ்திரி போட்ட கடிதத்தைப் பற்றிப் படித்துவிட்டு எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ஒரு வாரத்துக்குப் பிறகு இந்த விடுதியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் நன்றாக இருக்கிறேன்.

இப்போதெல்லாம் துணி சிவப்புப் பையில் வருகிறது. பிரிக்கவே கூடாது. அப்படியே இயந்திரத்தில் போட்டுவிட வேண்டும், சுடுதண்ணீரில் பை கரைந்துவிடும். மூன்றாம் மாடியில் இருந்து நாளைக்கு இருபது விரிப்பு வந்த இடத்தில் இப்போது நூற்றுக்கு மேல் வருகிறது. அங்கே என்ன நடக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. விரிப்பே சொல்லிவிடுகிறது.

விடுதி அறையில் ஒரே ஜன்னல். திறந்தால் கொதிகலன் சுவர், வேறொன்றும் தெரியாது. எட்டுக் கட்டில். வேலை முடிந்து மதியம் படுத்தால் பெரியக்கா குறட்டை விடுவார். எங்களில் மூத்தவர், அறுபது வயது. முன்பு அந்தக் குறட்டை எரிச்சலாக இருக்கும். இப்போது அது நின்றால் நாங்கள் ஏழு பேரும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறோம்.

மனசு தளராமல் இருக்க ஆலோசனை சொல்லும் ஒரு அம்மாள் வந்தார். சுவரில் பெரிய தாளை ஒட்டி, தினமும் நன்றி சொல்ல ஒரு விஷயமாவது எழுதுங்கள் என்றார். முதல் நாள் ஆறு பேர் 'உயிரோடு இருக்கிறேன்' என்று எழுதினார்கள். பெரியக்கா 'கால்வலி மட்டும்தான்' என்று எழுதினார். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் வரவில்லை, ஊசி. பயம் ஒன்றுதான் இருந்தது. அதை எழுத இடம் இல்லை.

நீ வீட்டில் இருந்து ஏதாவது அனுப்பு. எதுவானாலும் சரி.

அண்ணி


ஏப்ரல் 17

அண்ணிக்கு,

நன்றாக இருக்கிறோம்.

நன்றி சொல்வதெல்லாம் எனக்கு வராது. வீட்டு ஆளுக்கு வீட்டு ஆள் நன்றி சொன்னால் விருந்துக்கு வந்தவர்கள் மாதிரி இருக்கும். ஆனால் கேட்டுவிட்டீர்களே. எதிர்வீட்டுப் புருஷன் பெண்டாட்டி ஒரு வாரமாகச் சண்டை போடவில்லை. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நடுங்கிப்போயிருந்தேன். நேற்றுக் காலை, "உன்னக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு கழுதையக் கட்டியிருக்கலாம்" என்று குரல் வந்தது. அப்பாடா என்று இருந்தது. இதை உங்கள் சுவரில் எழுதலாமா என்று அந்த அம்மாளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுண்டெலிக்கு முன்பல் விழுந்துவிட்டது. உங்களுக்குக் காட்ட வேண்டுமாம், என் பொத்தான் டப்பாவில் வைத்திருக்கிறாள். அவசரத்தில் சட்டையில் தைத்துவிடாமல் பார்த்துக்கொள்கிறேன்.

மறைக்காமல் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை மதியம் அவளுக்கு இரைப்பு வந்தது. எனக்கு நீலப் பெட்டியைத் திறக்கவே வரவில்லை. அவள்தான் திறந்து கொடுத்தாள். பத்து எண்ணினேன். விட்டதும், "பயப்படாத அத்தை, சரியாப்போச்சு" என்று என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். அப்புறம் அசந்து தூங்கினாள். நான் அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். காற்று பட்டது. எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது.

எழுதிக்கொள்ளுங்கள், விரலில் காற்று பட்டது.

நாத்தனார்


ஏப்ரல் 29

ஊசிக்கு,

நலம். நீ அனுப்பியதைச் சுவரில் எழுதினேன். எல்லோரும் என்ன என்று கேட்டார்கள். நான் சொல்லவில்லை.

என் போன் கீழே விழுந்து உடைந்துவிட்டது. பழுது பார்க்கும் கடை எதுவும் இல்லை. அதனால் கொஞ்ச நாள் சாயங்காலம் பேச முடியாது என்று சுண்டெலியிடம் சொல்லு. இங்கே நல்ல சாப்பாடு. நல்ல ஓய்வு. ஜன்னல் வழியாக மரம் தெரிகிறது, காற்று வருகிறது. என்னைப் பற்றி எந்தக் கவலையும் வேண்டாம்.

அண்ணி


மே 3

அண்ணிக்கு,

நாங்கள் நன்றாக இருக்கிறோம். நீங்கள் இல்லை.

ஓய்வா? நூறு விரிப்பு வருகிற இடத்தில் ஓய்வா? ஜன்னலைத் திறந்தால் கொதிகலன் சுவர் என்று நீங்களே எழுதினீர்களே, அந்தச் சுவரில் மரம் முளைத்துவிட்டதா? பெரியக்கா குறட்டை என்ன ஆயிற்று? ஒரு வரிகூட இல்லை. உங்களுக்குப் பொய் சொல்ல வராது. உங்களோடு பேசாமல் இருந்த ஐந்து வருடத்தில் உங்களைக் கவனிக்கத்தான் எனக்கு நிறைய நேரம் கிடைத்தது.

டிரைவரைக் கேட் அருகே நிறுத்தி, "அண்ணி எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்காங்க, தங்கச்சி" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. வண்டிச் சக்கரத்தைப் பார்த்துச் சொன்னார்.

சாயங்காலம் ஆறு மணிக்குச் சுண்டெலி போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். "அம்மா போன் ஒடஞ்சிருச்சுடி" என்றால், "என் போன் ஒடையலையே, அத்தை" என்கிறாள்.

உண்மையை எழுதுங்கள். எதுவானாலும் எழுதுங்கள்.

நாத்தனார்


மே 9

அண்ணிக்கு,

நேற்று உங்கள் கடிதம் வந்தது. உள்ளே வெற்றுத்தாள்.

வழக்கம்போல இஸ்திரி போட்டுவிட்டுத் திருப்பிப் பார்த்தேன். ஒரு எழுத்து இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உறையைக் கிழித்துப் பார்த்தேன். "குடுக்கச் சொன்னாங்க, குடுத்தேன். வேற ஒண்ணும் தெரியாது, தங்கச்சி" என்றார் டிரைவர்.

முதலில் கோபம் வந்தது. உண்மையைக் கேட்டதற்கு வெறும் தாளா என்று. அப்புறம், எழுதக்கூட உங்களுக்குத் தெம்பு இல்லையோ என்று தோன்றியது. அதன்பிறகு என்னால் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார முடியவில்லை. கடைசியாக இன்னொன்று தோன்றியது. 'உனக்கும் எனக்கும் இடையில் எழுத என்ன இருக்கிறது, நீ முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்' என்று கேட்கிறீர்களோ? அதுதான் என்றால், கேட்பது நியாயம்தான்.

சொல்கிறேன். சுண்டெலிக்கு அப்போது எட்டு மாதம். நீங்கள் மறுபடி வேலைக்குப் போன முதல் வாரம். சாயங்காலம் வந்து, குளித்துவிட்டு, அவளைத் தூக்கக் குனிந்தீர்கள். நான், "பொணத்துணி தொவைக்கிற கையால புள்ளையத் தூக்காத" என்றேன். மரியாதைகூட இல்லாமல் சொன்னேன். நீங்கள் கையைப் பின்னால் எடுத்துக்கொண்டு, உள்ளே போய் இன்னொரு முறை குளித்துவிட்டு வந்தீர்கள்.

அன்றில் இருந்து தினமும் வேலைவிட்டு வந்தால் இரண்டு முறை குளிக்கிறீர்கள். எனக்குத் தெரியும். ஐந்து வருடமாக அந்த இரண்டாவது தண்ணீர்ச் சத்தத்தைத் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருநாளாவது எழுந்து வந்து, போதும் அண்ணி என்று சொல்லியிருக்கலாம். வீம்பு விடவில்லை.

ஏன் சொன்னேன் தெரியுமா? நாள் முழுக்க அவள் என் இடுப்பில்தான் இருந்தாள். உங்கள் செருப்புச் சத்தம் கேட்டதும் இரண்டு கையையும் உங்கள் பக்கம் நீட்டிவிட்டாள். என்னால் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான். கிருமியும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் பொறாமை.

தப்பு செய்துவிட்டேன், அண்ணி. ஊசி என்ற பெயர் எனக்குச் சரிதான். ஒரு வரி எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் ஒரு கோடாவது போட்டு அனுப்புங்கள்.

ஊசி


மே 11

அண்ணிக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டேன்.

வெற்றுத்தாளை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சுண்டெலி வந்து முகர்ந்து பார்த்தாள். "அத்தை, இது என் ஊதாப் பேனா வாசனை. அம்மா பையில நான்தான் போட்டேன்" என்றாள். அவள் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் வைத்திருக்கிறார்களே, எழுதித் தேய்த்தால் அழிகிற பேனா, அது. சூடு பட்டால் தானாகவே அழிந்துவிடுமாம். உங்கள் முந்தைய கடிதமெல்லாம் சாதாப் பேனா, அதனால் இஸ்திரிக்குத் தப்பித்தது. "நீ இஸ்திரி போட்டியா? அய்யோ, அத்தை!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "ஐஸ் பெட்டில வை. திரும்பி வந்துடும். நாங்க கிளாஸ்ல அப்படித்தான் ரகசியம் எழுதி, வீட்ல போய்ப் படிப்போம்."

காலையில் வைத்து மதியம் எடுத்தேன். வந்துவிட்டது, மங்கலாக. அவளைக் கீழ்வீட்டுக்கு விளையாட அனுப்பிவிட்டுப் படித்தேன்.

'ஊசி, இருபத்தேழாம் தேதியே எனக்கு நோய் என்று உறுதியாகிவிட்டது. மூன்றாம் மாடியில் இருக்கிறேன். போன் உடையவில்லை, இருமல் அவளுக்குக் கேட்டுவிடும். பெரியக்கா நேற்றுப் போய்விட்டார். நாளை என்னை மயக்கத்தில் வைத்து மூச்சுக்குக் குழாய் போடப்போகிறார்கள். நான் வராவிட்டால் அவளை நீ வளர்க்க வேண்டும். கரை இறங்கும்வரை உன் அண்ணனுக்குச் சொல்லாதே. நீ அன்று சொன்னதை நான் மறக்கவில்லை. ஆனாலும் உன்னைப் போல அவளை யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.'

நீங்கள் சாகக் கிடக்கிறீர்கள். நான் உங்கள் வார்த்தையை இஸ்திரி போட்டு அழித்துவிட்டு, என் கதையை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதற்குப் பதில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் வளர்க்க மாட்டேன். ஒருநாள் பார்த்துக்கொள்வேன், ஒரு மாதம் பார்த்துக்கொள்வேன். வளர்க்கிறது உங்கள் வேலை. வந்து வளர்த்துக்கொள்ளுங்கள்.

இதை யார் உங்களுக்குப் படித்துக்காட்டுகிறார்களோ, அவர்கள் தயவுசெய்து உரக்கப் படிக்கட்டும்.

ஊசி


ஜூன் 2

ஊசிக்கு,

இருக்கிறேன்.

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். பதினாறு நாள் எனக்கு எதுவும் தெரியாது. கண் விழித்த பிறகு நர்ஸ் பெண் உன் கடிதங்களை ஒவ்வொன்றாகப் படித்துக்காட்டினாள். 'பொணத்துணி' என்ற இடத்தில் தயங்கி நிறுத்திவிட்டாள். "படிம்மா, அது எங்க வீட்டு விஷயம்" என்றேன். நீ அந்த மன்னிப்பை என் கடிதத்தைப் படிக்காமல் எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு எழுதியிருந்தால், சாகப்போகிறவளுக்குச் சொல்கிற சமாதானம் என்று நினைத்திருப்பேன். உன் இஸ்திரிப் பெட்டி வாழ்க.

விழித்ததும் முதலில் எனக்குத் தெரிந்தது மணம். எங்கள் சலவைத் தூளின் மணம். முதுகுக்குக் கீழே சுருக்கமே இல்லாத விரிப்பு. எங்கள் எட்டுப் பேரில் மிச்சம் இருக்கிறவர்கள் துவைத்து, சூட்டோடு இழுத்து மடித்தது. பதினோரு வருடமாக விரிப்பு மடிக்கிறேன். அதில் படுக்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அழுதுவிட்டேன். அந்தச் சுவர்த்தாளில் எழுத எனக்கு இப்போது நிறைய இருக்கிறது. தண்ணீர் டம்ளரை நானே தூக்கிக் குடித்தேன். நானே எழுந்து கழிப்பறைக்குப் போனேன். நர்ஸ் பெண் என் தலையைப் பின்னிவிட்டாள்.

வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி என்னிடமிருந்து யாருக்கும் ஒட்டாதாம். நான் வரவில்லை, ஊசி. விடுதியிலேயே இருந்துவிடுகிறேன்.

கோபம் இல்லை, நம்பு. பயம். அவளுக்கு இரைப்பு இருக்கிறது. பெரியக்காவுக்கு நான்தான் தண்ணீர் கொடுத்தேன், தலையைத் தாங்கிப் பிடித்தேன். அந்தக் கையைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன். டாக்டர் சொல்வது காதுக்குள் போகிறது, கைக்குப் போகவில்லை. நீ பொறாமையில் சொன்னதை இப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இதற்கு ஒரு மருந்து வரட்டும். ஒரு வருடம் ஆனாலும் பரவாயில்லை. அவள் உயிரோடு இருந்தால் போதும், என்னை மறந்தாலும் சரி.

அண்ணி


ஜூன் 5

அண்ணிக்கு,

நன்றாக இருக்கிறோம் என்று இந்தமுறை முதல் வரியில் எழுத முடியவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. சுண்டெலி மூன்று நாளாக "அம்மா எப்ப வருவா" என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். ஆறு மணி ஆனால் போனை அவளே எடுத்துப் பீரோவில் வைத்துவிடுகிறாள். இரைப்பு வந்த அன்றுகூட நான் இவ்வளவு பயப்படவில்லை.

நீங்கள் வர வேண்டும். எப்படி என்று சொல்கிறேன்.

டிரைவர் வீட்டம்மாவிடம் பேசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையில் இருந்து சுண்டெலி கீழ்வீட்டில் இருப்பாள். அந்த அம்மா தங்கமானவர். அதைவிட முக்கியம், இன்ஹேலரை என்னைவிட நிதானமாகப் பிடிக்கிறார். மேலே நம் வீட்டில் நீங்களும் நானும் மட்டும். ஒரே அறையில் படுப்போம். ஒரே தட்டில் சாப்பிடுவோம். கவசம், இடைவெளி எதுவும் கிடையாது. என் தலையைப் பின்னிவிடுங்கள். கன்னத்தைப் பிடியுங்கள். சுண்டெலியை எப்படியெல்லாம் தொடுவீர்களோ அப்படியெல்லாம் என்னைத் தொடுங்கள். ஒரு முறைதான் குளிக்க வேண்டும், இரண்டாவது முறை தண்ணீர்ச் சத்தம் கேட்டால் கதவைத் தட்டுவேன். இப்படிப் பதினான்கு நாள். எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை என்றால், பதினைந்தாம் நாள் காலையில் நீங்கள் படி இறங்கிப் போய் அவளைத் தூக்குங்கள்.

டாக்டர் பேச்சை உங்கள் கை நம்பவில்லை. என் உடம்பைப் பார்த்தாவது நம்பட்டும். அந்த வார்த்தை என் வாயில் இருந்து வந்தது. உங்கள் கைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வேறு யார் எடுப்பார்கள்?

எனக்குத் துணிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். பெரியக்காவை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. டாக்டர் ஒட்டாது என்று சொன்னது எனக்கும் காதோடு நிற்கிறது. பயந்துகொண்டேதான் கூப்பிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வண்டி வரும். வாசலில் நின்று யோசிக்க வேண்டாம், கதவு திறந்தே இருக்கும். உள்ளே வந்ததும், எதையும் பேசுவதற்கு முன்னால், என் முகத்தை இரண்டு கையாலும் பிடியுங்கள்.

ஊசி